ஒரு பல்

பழைய செயினையும் புதுசையும்
ஒரே ஆணியில் மாட்டித் தொங்கவிட்டேன்.
கண்ணியை எண்ணினால் இரண்டும் ஒன்றுதான்.
பழையது மட்டும்
சுண்டுவிரல் நகமளவு கீழே இறங்கியிருந்தது.
தேய்ந்தால் குறையும் என்பார்கள்.
இது தேய்ந்து தேய்ந்து
நீண்டிருக்கிறது.

வண்டி ஆரோக்கியசெல்வியுடையது.
கோவளம் மணலில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த
குண்டு டயர் நாலு சக்கரம்.
அந்தக் கம்பெனி மூடியபோது பாதி விலைக்கு வாங்கி
பின்னால் கொக்கி பற்றவைத்து
காசிமேட்டில் ஐஸ் பார் இழுக்க விட்டுவிட்டாள்.
மட்கார்டில் ஒரு டால்பின் இன்னும் சிரிக்கிறது,
பல்லிடுக்கில் வஞ்சிரச் செதிலோடு.

இன்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது.
அறுபத்தொரு நாள் கட்டிக்கிடந்த விசைப்படகுகள்
டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு நிற்கின்றன.
கொருக்குப்பேட்டை கேட்டருகே என் கடையில்
இன்ஜின் வாய் திறந்து கிடக்கிறது.
"எத்தினி மணிக்கு ஆவும்ணா?"
மூன்றாவது தரம் கேட்கிறாள்.

கீழே ஃப்ளைவீல் ஓட்டையில்
'டி' கோடு வந்து பள்ளத்துக்கு நேராக நிற்கவேண்டும்.
நின்றது.
மேலே கேமின் மூக்கு இரண்டும் தரையைப் பார்க்கவேண்டும்.
பார்த்தன.
பல்சக்கரத்தின் கோடு
ஹெட் விளிம்போடு படுத்துக்கொள்ளவேண்டும்.
படுத்தது.
டென்ஷனரைத் தள்ளி இரண்டு போல்ட்டை முறுக்கினேன்.
பின்பக்கத் தொய்வை அது உறிஞ்சிக்கொண்டதும்
கோடு
மெல்லத் தலை தூக்கியது.

ஒரு பல்.

ஒரு பல் தள்ளினாலும் ஓடும்.
காலையில் எழ அடம்பிடிக்கும்,
சைலன்சரில் படார் என்கும்,
ஏற்றத்தில் ஐஸோடு மூச்சிரைக்கும்.
அவள் பெட்ரோல் பங்க்காரனைத் திட்டுவாள்.
மணி பத்தே முக்கால்.
கவரை எடுக்கக் கை நீட்டிவிட்டேன்.

"இன்னாண்ணா, கோடு சாஞ்சிக்குது?"

நீ செல்லைச் சாய்த்துப் பிடித்தால்
எல்லாம் சாய்ந்துதான் தெரியும் என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
குந்தி, ஒரு கண்ணை மூடி,
ஏலத்தில் தராசு முள்ளைப் பார்ப்பாள் இல்லையா,
அப்படிப் பார்த்தாள்.
"இருநூறு கிராம் அடிக்குது."

மறுபடி கழற்றினேன்.
டென்ஷனர். சக்கரத்து போல்ட் இரண்டு.
செயினை விரலிடுக்கில் தூக்கி
பல் தாண்ட வைக்கும் நேரம் பார்த்து
துறைமுகத்துச் சரக்கு ரயில் வந்தது.
தரை அதிர, ஸ்பேனர்கள் தட்டில் நடக்க ஆரம்பித்தன.
கையை விட்டால் செயின் கிணற்றுக்குள் விழும்.
பிடித்தபடியே இருந்தேன்.
கொசு ஒன்று புருவத்தில் உட்கார்ந்து
சாவகாசமாகக் குடித்தது.
பெட்டிகளை அவள்தான் எண்ணினாள், சத்தமாக,
நாற்பத்திரண்டுவரை.

இந்த முறை
ஒரு பல் முன்னமே தாழ்த்தி மாட்டி
டென்ஷனரே அதைத் தூக்கி நிறுத்தட்டும் என்று விட்டேன்.
கோடு வந்து படுத்தது.
கையால் சுற்றினேன், மோட்டார் தொடாமல்.
முதல் சுற்றில் 'டி' வந்தது, கேம் மட்டும் தலைகீழாக.
அவள் முகம் மாறியது.
பொறு என்றேன். மேலே இருப்பது பாதி வேகத்தில் வரும்,
கீழே இரண்டு என்றால் அதற்கு ஒன்று.
இரண்டாம் சுற்று.
எங்கும் இடிக்கவில்லை.
மேலும் கீழும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

ஆட்டோ பாட்டரியில் ஒயர் கொடுத்து அழுத்த
ஒரு இருமல், அப்புறம்
சீரான பேச்சு.

"பாக்கி ஐந்நூறு மீன் வந்ததும்ணா."
கிளம்பும்முன் ஆணியிலிருந்து பழைய செயினை எடுத்து
உள்ளங்கையில் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தாள்.
"நூத்தி நாப்பது" என்று சொல்லிவிட்டு
திரும்ப மாட்டிவிட்டுப் போனாள்.

காலையில் காயலான் கடைத் தராசில் வைத்தேன்.
நூற்று முப்பத்தெட்டு.

ஆயிலைத் துடைத்துவிட்டு
வைத்திருந்தேன்.